திலகம் எடுத்த இரண்டாவது அளவு

திலகம் இப்போது பாசிர் பெனம்பாங்கில் ஒரு சீனர் கொட்டகையில் இறால் உரிக்கிறாள். அங்கேயே ஒரு பலகை வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறாள். நியாயமாகப் பார்த்தால் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்க வேண்டியவள். ஏன் நிற்கவில்லை என்று கேட்டால் தோட்டத்தில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அவளுக்குத் திமிர் என்பார்கள். வந்த வாய்ப்பைக் காலால் உதைத்தாள் என்பார்கள். இரண்டு வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும். நான் சிவானந்தம், ஆற்றங்கரை ரப்பர் தோட்டத்தில் ஆட்கள் கொண்டுவரும் பாலை நிறுத்துக் கூலிக் கணக்கு எழுதும் கிராணி. தோட்டத்துப் பெயர்ப்பலகையில் ஏதோ ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை.

திலகம் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், பிறகு கோலசிலாங்கூரில் மூன்று வருடம், அதோடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் கல்யாணம். மாப்பிள்ளை செகிஞ்சானில் நெல் லோரி ஓட்டினான். ஒரு நாள் லோரியோடு போனவன் திரும்பவில்லை. ஈப்போவில் வேறு குடும்பம் வைத்திருக்கிறான் என்று ஆறு மாதம் கழித்துச் சேதி வந்தது. திலகம் ஊரைக் கூட்டி அழவில்லை. மறுநாளே வேலை கேட்டு ஆபீசுக்கு வந்தாள். டிஸ்பென்சரியில் உதவிக்கு ஆள் தேவைப்பட்டது, வைத்துக்கொண்டார்கள்.

வைத்தியம் பார்க்கும் டிரஸர் ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்குக் கம்பெனி ஆள் போடவில்லை. பக்கத்துத் தோட்டத்து டிரஸர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் திலகம்தான். மரம் சீவும்போது பட்டைத் தூள் கண்ணில் விழும். அதை அவள் எடுப்பதைப் பார்க்க வேண்டும். இமையை ஒரு விரலால் தூக்குவாள், பஞ்சு முனையால் ஒரு தடவு, அவ்வளவுதான். கை ஆடவே ஆடாது. உறுத்தலோடு வந்தவன் வாசலைத் தாண்டும்போது வேலைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பான்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குச்சியில் என்ன தெரிகிறதோ அதைத்தான் எழுதுவாள். லீவு வேண்டும் என்பவன் ஒரு டிகிரி கூட்டிப் போடச் சொல்லிக் கெஞ்சுவான். ஆள் பற்றாக்குறை நாளில் வேலை வாங்கும் மண்டோர் வந்து ஒரு டிகிரி குறைத்துப் போடச் சொல்லி முறைப்பார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். "குச்சியில இருக்கிறதுதாங்க எழுதியிருக்கேன்" என்பாள். அதனால் இரண்டு பக்கத்திலும் அவளைத் திட்ட ஆள் இருந்தார்கள்.

எண்பத்தாறாம் வருடம், டிஸ்பென்சரியை வருடக் கடைசியில் மூடப் போவதாக ஆபீசுக்குக் கடிதம் வந்தது. மூடினால் திலகத்துக்கு வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அம்மாவும் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தாள். முப்பத்து நான்கு வயதில் எங்கே போய் நிற்பது என்று அவள் என்னிடம் கேட்டாள். விசாரிக்கிறேன் என்று சொன்னேன். விசாரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் சேது வந்து சேர்ந்தார். தலைநகரில் பெரிய கண் டாக்டர். நம்ம ஆள் என்று தோட்டமே பூரித்துப்போனது. மாலை போட்டோம். "நானும் தோட்டத்துல பொறந்தவன்தான். எங்கம்மா மரம் சீவித்தான் என்னைப் படிக்க வெச்சாங்க" என்று அவர் சொன்னபோது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் கை தட்டினேன். இப்போது அதை நினைத்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

அவர் கொண்டுவந்தது ஒரு புது மெஷின். ரேடியோப் பெட்டி அளவு இருக்கும். அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் பேனா மாதிரி ஒரு குச்சி. கருவிழிக்கு மேலே கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறதாம். அதன் கனத்தை இந்த மெஷின் அளக்கும். கண்ணில் மரத்துப்போகிற மருந்து ஒரு சொட்டு விட்டு, குச்சியை நேராகப் பிடித்து மெதுவாகத் தொட வேண்டும். சரியாகப் பட்டால் கீச்சென்று ஒரு சத்தம் வரும், பெட்டியில் சிவப்பாக ஓர் எண் நிற்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஐந்நூற்று முப்பது, ஐந்நூற்று நாற்பது என்று வரும்.

கண் ஆபரேஷனுக்கு முன்னால் இந்தக் கனம் தெரிய வேண்டுமாம். அதற்கும் முன்னால் மெஷின் சொல்வதை நம்பலாமா என்று தெரிய வேண்டுமாம். அதற்காக நோய் இல்லாத கண்களாக நாற்பது பேருடையது தேவைப்பட்டது. ஒரே கண்ணை இரண்டு தடவை அளந்தால் ஒரே எண் வருகிறதா, பழகிய கையும் புதுக் கையும் ஒன்று போல அளக்கின்றனவா, இதுதான் அவருடைய கேள்வி. பழகிய கைக்குத் தன் உதவியாளன் பாலகிருஷ்ணனைக் கூட்டி வந்திருந்தார். டை கட்டியிருந்தான்; நம் டிஸ்பென்சரி பெஞ்சில் உட்காருமுன் கைக்குட்டையை விரித்துப் போட்டுக்கொண்டான். புதுக் கைக்குத் திலகம். ஒரு நாள் முழுக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

"நல்லா செஞ்சா உனக்கு ஒரு லெட்டர் எழுதித் தர்றேன்மா. எங்க ஆஸ்பத்திரியில கண் பிரிவுக்கு ஆள் எடுக்கப் போறாங்க. தங்க ரூமும் உண்டு" என்றார் டாக்டர்.

அன்றைக்குத் திலகத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆபீஸ் படியில் என்னை நிறுத்தி, "கிராணி சார், இது மட்டும் அமைஞ்சிடுச்சுன்னா போதும் லா" என்றாள். அவள் எதையும் இவ்வளவு ஆசையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு நாளைக்குப் பத்துப் பேர், நான்கு நாள். வேலை முடிந்து, பாலைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டு ஆட்கள் பதினொன்றரை மணிக்கு வருவார்கள். முதல் அளவு அப்போது. பாலகிருஷ்ணன் அளந்து அவனே எழுதிக்கொள்வான். திலகம் அளந்து எண்ணைச் சொல்வாள், நான் எழுதுவேன். பன்னிரண்டரைக்கு எல்லாரையும் அனுப்பிவிட்டு டாக்டரும் பாலகிருஷ்ணனும் காரில் ஏறி பாசிர் பெனம்பாங்குக்கு நண்டு சாப்பிடப் போவார்கள். நண்டு என்றால் ஒன்றிரண்டு இல்லை. திரும்பி வர இரண்டரை ஆகும். ஆகவே இரண்டாவது அளவு இரண்டரை மணிக்கு.

மரம் சீவுகிறவர்களின் நாள் எப்படிப்பட்டது என்று தோட்டத்தில் பிறந்த டாக்டருக்குத் தெரியாமலா இருக்கும்? விடிவதற்கு முன்னால் நாலரைக்கு எழுந்தவர்கள். வேலை முடிந்து வந்து குளித்து, சோற்றைத் தின்று, பாயில் விழுந்தால் மூன்றரைக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டார்கள். லயம் முழுக்க அந்த நேரத்தில் குறட்டைச் சத்தம்தான் கேட்கும். டாக்டரின் நண்டு முடிந்துவிட்டதற்காக மண்டோர் போய்க் கதவைத் தட்டி அவர்களை எழுப்பிக் கூட்டி வருவார். முகத்தில் பாய்த் தடத்தோடு வந்து வரிசையில் நிற்பார்கள்.

இரண்டாவது அளவு எடுக்கும்போது முதல் எண்ணைப் பார்க்கக் கூடாது என்பது விதி. நான் முதல் தாளை உறையில் போட்டு மூடி வைத்துவிடுவேன். பாலகிருஷ்ணன் தன் தாளைச் சட்டைப் பையில் வைத்திருந்தான். முதல் நாள் மத்தியானமே ஒன்றைக் கவனித்தேன். திலகம் அளக்கும்போது பத்துக் கீச் சத்தம் கேட்டது. இவன் அளக்கும்போது முதல் இரண்டு பேருக்குக் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. குச்சியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோவான், தலையை ஆட்டுவான், எழுதுவான், அடுத்த ஆளைக் கூப்பிடுவான். ஏப்பம் விட்டுக்கொண்டே இதைச் செய்தான். மூன்றாம் நாள் வரிசையில் முதலில் நின்ற இரண்டு பேருக்குக்கூடக் கேட்கவில்லை. எனக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் டாக்டர் இரண்டு பேருடைய தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"இங்க பாரும்மா. பாலாவோட கையில இந்தாளுக்கு முதல்ல ஐந்நூத்து இருபத்தெட்டு, ரெண்டாவது ஐந்நூத்து இருபத்தொம்பது. உன் கையில முதல்ல ஐந்நூத்து இருபத்தேழு, ரெண்டாவது ஐந்நூத்து நாப்பத்திரண்டு. எல்லாருக்கும் இப்படித்தான் ஏறியிருக்கு. மத்தியானத்துல உன் கை ஆடுது."

"ஆடலீங்க சார். சத்தம் வந்த பொறவுதான் சொல்றேன்."

"ஆடாமலா பதினஞ்சு கூடும்?" என்றவர், பாலகிருஷ்ணனைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். தோட்டத்துக் கையிடம் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது என்பது அதன் அர்த்தம். திலகத்துக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். வாசலில் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மரம் சீவிய அம்மாவின் பிள்ளை இப்படிச் சொன்னான். எனக்கு அவர் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை, பார்த்துச் சிரித்தேன்.

நான்காம் நாளும் அப்படியேதான் வந்தது. மெஷினைத் திங்கட்கிழமை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி டிஸ்பென்சரியிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். சாவி திலகத்திடம் இருந்தது. அன்று சாயங்காலம் அவள் என்னிடம் தாள்களைக் கேட்டு வாங்கி, பெஞ்சு மேல் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். லயத்துக்குப் போகும்போது பார்த்தேன், உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், அப்போதும் உட்கார்ந்திருந்தாள்.

"கிராணி சார், வரிசையைப் பாருங்க. மத்தியானம் முதல்ல நிக்கிற ஆளுக்குப் பதினஞ்சு, பதினாறு கூடுது. நடுவுல நிக்கிறவங்களுக்கு ஒம்பது, பத்து. கடைசியில காத்திருந்து வர்றவங்களுக்கு மூணு, நாலுதான். நாலு நாளும் இதே மாதிரிதான் இருக்கு. கை ஆடினா இப்படி வரிசையாவா ஆடும்?"

"அப்புறம் எப்படி?"

"லீலாவதி அக்காவைப் பாருங்க. முதல் நாள் அவங்கதான் வரிசையில முதல் ஆள். அவங்களுக்கு மட்டும் ஒண்ணுதான் கூடியிருக்கு."

லீலாவதி பிள்ளைக் கொட்டகையில் வேலை செய்பவள். மரம் சீவுகிறவர்கள் தூங்கி எழும்வரை அவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவளால் மத்தியானத்தில் தூங்க முடியாது. திலகம் சொல்ல வந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. தூங்கி எழுந்தவன் கண் தடித்திருக்கிறது. விழித்திருக்க விழித்திருக்க இறங்குகிறது. ஆறாம் வகுப்புத் தமிழும் மூன்று வருட இடைநிலைப் பள்ளியும் படித்தவள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்தாள்.

மறுநாள் சனிக்கிழமை, அவள் சொன்னபடி நான் டிஸ்பென்சரிக் கட்டிலில் படுத்தேன். படுக்குமுன் அளந்தாள்: ஐந்நூற்று முப்பத்தாறு. ஒன்றரை மணி நேரம் நன்றாகத் தூங்கினேன். எழுப்பி உடனே அளந்தாள். பெட்டியில் நின்ற எண்ணை நானே வாய்விட்டுப் படித்தேன்: ஐந்நூற்று ஐம்பத்தொன்று. அரை மணி கழித்து ஐந்நூற்று நாற்பத்துமூன்று. இன்னும் அரை மணி கழித்து ஐந்நூற்று முப்பத்தெட்டு. திலகம் சிரித்தாள். அவள் கை ஆடவில்லை, மெஷினும் பொய் சொல்லவில்லை, தூங்கிய கண்ணைத் தூங்காத கண்ணோடு வைத்துப் பார்த்ததுதான் தப்பு. இதைச் சொன்னால் டாக்டருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம். எங்களை என்னவென்று சொல்வது.

திங்கட்கிழமை டாக்டர் வந்ததும் அவள் எல்லாவற்றையும் காட்டினாள். அவர் படித்தார். மறுபடி படித்தார். பிறகு பாலகிருஷ்ணனின் தாளை எடுத்துப் பார்த்தார். கணக்குத் தெரிந்த யாருக்கும் அது தெரிந்திருக்கும். அதே ஆட்கள், அதே இரண்டரை மணி, அதே தடித்த கண்கள். உண்மையாக அளந்திருந்தால் அவனுக்கும் ஏறியிருக்க வேண்டும். ஒருவருக்கும் ஏறவில்லை; சத்தம் கேட்ட ஆட்களுக்கும்கூட முதல் எண்ணை ஒட்டியே எழுதியிருந்தான். பாலகிருஷ்ணன் முகத்தில் ஈயாடவில்லை. டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இப்போது அவனைப் பிடிப்பார் என்று காத்திருந்தேன்.

டாக்டர் தாளை மடித்தார். "தூங்கி எழுந்தா தடிக்கும்கிறது எங்களுக்கெல்லாம் தெரிஞ்ச விஷயம்தான்மா" என்றார்.

"தெரியுங்களா? அப்ப ஏன் சார் ரெண்டரை மணிக்கு வெச்சீங்க?"

அவர் பாலகிருஷ்ணனை வெளியே அனுப்பினார். குரலைத் தாழ்த்தி, தேனொழுகப் பேசினார். "இதப் பாரு திலகம், ரெண்டு வாரத்துல நான் சிங்கப்பூர்ல இதைப் படிக்கணும். உன்னோட ரெண்டாவது வரிசையை மட்டும் திருத்தி எழுதிக் குடுத்துடு. முதல் எண்ணுக்குப் பக்கத்துல இருந்தா போதும். லெட்டரை இன்னிக்கே எழுதிடறேன்."

"மறுபடி அளந்துடலாம் சார். ரெண்டு தடவையும் பதினொன்றரைக்கே வெச்சுக்குவோம். நான் ஆளுங்களைக் கூப்பிட்டு வர்றேன்."

"அதுக்கெல்லாம் நேரம் இல்லம்மா."

"அப்ப என்னால எழுத முடியாதுங்க சார்."

சண்டை போடுகிற குரல் இல்லை அது. காய்ச்சல் குச்சியைப் பார்த்துச் சொல்கிற அதே குரல். சொல்லிவிட்டு நோயாளி யாரோ வந்திருக்கிறார் என்று உள்ளே போய்விட்டாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். இதற்குமேல் எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். ஆபீசில் மேனேஜர் இருந்தார். டாக்டருக்குச் சீக்கிரம் டைப் அடித்துக் கொடு என்றார். நான் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன். திலகத்தின் முதல் வரிசையை அப்படியே அடித்தேன். இரண்டாவது வரிசையை நானாக அடித்தேன். ஒருவருக்கு இரண்டு கூட்டினேன், அடுத்தவருக்கு ஒன்று குறைத்தேன், ரொம்பச் சுத்தமாக இருந்தால் சந்தேகம் வரும் என்று எட்டாவது ஆளுக்கு நான்கு கூட்டினேன். நாற்பது பேருக்கும் அரை மணி நேரம்தான் ஆனது. ஒரு தடவைகூட அழிக்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு லெட்டர் கிடைக்கும், ரூம் கிடைக்கும், யாருக்கும் நஷ்டமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டர் என் தோளைத் தட்டினார். அப்படித் தட்டியதில் எனக்குப் பெருமைகூட வந்தது. அதுதான் எல்லாவற்றையும் விடக் கேவலம்.

டாக்டர் சிங்கப்பூரில் போய்ப் படித்தார். பழகிய கையோ புதுக் கையோ, நல்ல கண்ணில் இந்த மெஷின் சொல்லும் அளவை முழுக்க நம்பலாம் என்று சொன்னாராம். தோட்டத்துப் பிள்ளையின் சாதனை என்று பத்திரிகையில் அவர் படம் வந்தது. யாரோ அதை வெட்டி ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள்.

அடுத்த வாரம் திலகத்துக்கு லெட்டர் வந்தது. தபாலை நான்தான் அவளிடம் கொடுத்தேன். அரை மணி கழித்து அதைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். என் மேஜைக்கு எதிரே நின்றாள்.

"என் ரெண்டு அளவும் ரொம்ப நல்லா ஒத்துப்போச்சுன்னு போட்டிருக்காரு."

"நல்லதுதானேம்மா. எப்ப சேரணும்?"

"ரெண்டாவது வரிசையை யாரு சார் எழுதினா?"

நான் பேனாவை மூடினேன், திறந்தேன். "உன் நல்லதுக்குத்தான் திலகம். வீடு வாசல் இல்லாம எங்க போய் நிப்ப?"

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. என்னை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"பதினெட்டு வருஷமா எங்க எல்லாருடைய பால் எடையையும் நீங்கதான் சார் எழுதுறீங்க" என்றாள்.

"அது வேற, இது வேற."

அவள் லெட்டரை என் மேஜை மேல் வைத்துவிட்டு, படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த லீலாவதியைத் தாண்டி இறங்கிப் போனாள். அதற்கப்புறம் அவள் அந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை, என்னிடம் பேசவும் இல்லை.

மறுநாள் பால் நிறுக்கும் இடத்தில் வழக்கம்போல் உட்கார்ந்தேன். லீலாவதியின் மருமகள்தான் வரிசையில் முதலில் நின்றாள். அவள் வாளியைத் தராசில் வைத்தாள், முள் நின்றது. எப்போதும் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். அன்றைக்கு நகரவில்லை. குனிந்து தராசைப் பார்த்து எடையை உரக்கப் படித்தாள். பின்னால் நின்றவளும் எட்டிப் பார்த்து அதே எண்ணைத் திருப்பிச் சொன்னாள். பிறகு இரண்டு பேரும் என் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், நான் எழுதி முடிக்கும் வரை.